மறு: டேக் = குறிச்சொல்? ‘கரை’ என்று வைத்துப் பார்ப்போமா

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

வலைப்பக்கம் எழுதும் எச்டிஎம்எல் மொழியில் கோண அடைப்புக்குள் போடுகிற டேகுக்குத் தமிழில் ‘கரை’ என்று வைக்கலாமா என்று கேட்டிருந்தேன். ‘குறிச்சொல்’ இருக்கும்போது இன்னொரு சொல் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். போன மாதம் வரைக்கும் நானும் அந்தக் கட்சிதான்.

குடியாத்தத்தில் சாயங்காலங்களில் பதினோரு பிள்ளைகளுக்கு எச்டிஎம்எல் சொல்லிக் கொடுக்கிறேன். பாதிப் பேர் தறி வீட்டுப் பிள்ளைகள். இணையத்தில் எதை எங்கே படிக்கலாம் என்று அவர்களுக்காகத் தமிழில் ஒரு பக்கம் தொகுத்து வைத்திருக்கிறேன். அடித்த உடனே விடை பார்க்க டபிள்யூ3ஸ்கூல்ஸ் (பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை). சந்தேகம் தீர மோசில்லாவின் எம்டிஎன். வரிசையாகப் பழக ஃப்ரீகோட்கேம்ப். மூன்றிலும் பாடத்துக்குக் காசு கேட்பதில்லை. ஆனால் மூன்றும் முதன்மையாக ஆங்கிலம். அதனால் ஒவ்வொரு சுட்டிக்கும் கீழே நான் நாலு வரி தமிழில் எழுதுவேன். அந்த நாலு வரியில்தான் மாட்டிக்கொண்டேன்.

டேகுக்குக் குறிச்சொல் என்று எழுதினேன். எலிமென்டுக்கும் (அது என்ன என்று கீழே சொல்கிறேன்) கை தானாகக் குறிச்சொல் என்றே எழுதியது. வலைப்பூவில் பதிவுக்குக் கீழே போடுவதும் குறிச்சொல். ஹேஷ்டேகையும் அப்படிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சரி, இடத்துக்கு ஏற்றபடி புரிந்துகொள்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

ஒரு பெண் தன் அம்மா விற்கும் லுங்கிகளுக்குப் பக்கம் செய்துகொண்டிருந்தாள். இப்படி அடித்திருந்தாள்:

<தலைப்பு>லுங்கி விலைப் பட்டியல்</தலைப்பு>

“சொல்லுன்னுதானே சார் போட்டிருக்கீங்க? தமிழ்ச் சொல்லா இருந்தா என்ன?” கேள்வி நியாயமானது. டேகின் பெயர் ஆங்கில எழுத்தில்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. ஆனால் திரையில் வந்ததைப் பார்த்தபோது எனக்கே வேடிக்கையாக இருந்தது. முன்னால் இருந்த <தலைப்பு> அப்படியே எழுத்தாக நின்றது, பின்னால் இருந்தது மட்டும் காணாமல் போயிருந்தது. கோண அடைப்புக்குப் பின் தமிழ் எழுத்தைக் கண்டால் உலாவி அதை டேகாகவே எடுத்துக்கொள்வதில்லை, வெறும் எழுத்து என்று காட்டிவிடுகிறது. சாய்கோட்டோடு வந்தால் கமென்ட், அதாவது திரையில் காட்டக் கூடாத குறிப்பு, என்று நினைத்து விழுங்கிவிடுகிறது. தட்டச்சு ஒன்றுதான், கதி இரண்டு. அரை மணி நேரம் அதிலேயே போயிற்று.

அன்று இரவு யோசித்ததில் தெரிந்தது, தப்பு அவளுடையது இல்லை, என் சொல்லுடையது. டேக் என்பது சொல் இல்லை, எல்லை. இங்கே தொடங்குகிறது, இங்கே முடிகிறது என்று கோப்பில் நாம் போடும் அடையாளம். எலிமென்ட் என்பது அந்த எல்லையை வைத்து உலாவி தனக்குள் கட்டிக்கொள்ளும் பொருள். பக்கத்தில் தெரியும் உள்ளடக்கத்தைச் சுற்றிப் போடும் பாடி டேகை நீங்கள் எழுதவே இல்லையென்றாலும் பாடி எலிமென்ட் இருக்கும், உலாவியே உருவாக்கிக்கொள்ளும். எழுதாததும் இருக்கும் என்றால் இரண்டும் எப்படி ஒன்றாகும்? இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இதை விளக்க முடியவில்லை, முயன்று பார்த்துவிட்டேன்.

அதனால்தான் ‘கரை’. தொடங்கும் டேக் இக்கரை, முடிக்கும் டேக் அக்கரை, நடுவில் ஓடுவது உள்ளடக்கம். வகுப்பில் சும்மா சொல்லிப் பார்த்தேன், பிள்ளைகள் அவர்களாகவே நீட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு கரையும் போட்டு நடுவில் ஒன்றுமே எழுதாவிட்டால்? “பாலாறு சார்!” அக்கரை போட மறந்தால்? 2021 நவம்பர். அந்த வெள்ளத்தைப் பார்த்த ஊருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. தடித்த எழுத்துக்கான பி டேகை மூடாமல் விட்டால் அடுத்தடுத்த பத்திகளும் தடித்துக்கொண்டே போகும். (தமிழில் சொல்லிக் கொடுப்பதில் ஒரு தலைவலி, பத்திக்கும் பி (p), தடித்த எழுத்துக்கும் பி (b). நாங்கள் பேப்பர் பி, பால் பி என்று சமாளிக்கிறோம்.) ஆட்ரிபியூட்டெல்லாம் (டேகுக்குள் சேர்த்து எழுதும் கூடுதல் விவரங்கள்) இக்கரையில் மட்டும்தான் வரும், அதைப் படித்துறை என்றான் ஒருவன். அதைக் கலைச்சொல்லாக நான் சிபாரிசு செய்யவில்லை, கேட்க நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

படம், வரிமுறிவு, உள்ளீட்டுப் பெட்டி இவற்றுக்கெல்லாம் முடிக்கும் டேகே கிடையாது. இப்போதைய நெறிமுறையில் அப்படி 13 இருக்கின்றன. கடலுக்கு நமக்குத் தெரிவது ஒரு கரைதானே, அதனால் ‘ஒற்றைக்கரை’.

பத்திக்கும் பட்டியல் வரிக்கும் மூடும் டேக் இல்லாவிட்டாலும் செல்லுமே, அப்போது உங்கள் ஆறு என்ன ஆகும் என்று யாராவது கேட்பீர்கள். செல்லும். அடுத்த பத்தி தொடங்கினால் முந்தையது அங்கே முடிந்தது என்று உலாவி எடுத்துக்கொள்கிறது. கரை கட்டவில்லை, ஆனால் எல்லை உண்டு. டேக் வேறு, எலிமென்ட் வேறு என்பதற்கு இதுவே இன்னொரு சாட்சி.

குடியாத்தத்திலிருந்து

---

> அதனால்தான் ‘கரை’.

தம்பி, சொல் பிடித்திருக்கிறது. ஆனால் ஆற்றை விட்டுவிட்டுப் புடவையைப் பிடித்திருக்கலாம். ஆரணிப் பட்டை விரித்துப் பாருங்கள், இந்தப் பக்கம் ஒரு கரை, அந்தப் பக்கம் ஒரு கரை, நடுவில் உடல். எந்தக் கரை எந்த உடலுக்கு என்று நெய்கிறவனுக்குக் குழப்பமே வராது.

இரண்டு ஆட்சேபம். ஒன்று, அக்கரையை நாளைக்குப் பாதிப் பேர் ‘அக்கறை’ என்று எழுதுவார்கள். நம் பக்கத்துப் பேச்சில் ரகரமும் றகரமும் ஒன்றாகிவிட்டன, காதால் கேட்டுத் திருத்தவும் வழியில்லை. இரண்டு, கரை என்று தேடினால் கரைவேட்டிதான் வரும்.

ஆரணியிலிருந்து

---

ஐயா, நன்றி. எழுத்துப் பிழை விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி. உங்கள் மடல் வந்த மறுநாளே ஒரு பையன் ‘அக்கறை இல்லை’ என்று குறிப்பேட்டில் எழுதினான். வேறு எங்காவது படித்திருந்தால் பெற்றோருக்குக் கடிதம் போட்டிருப்பேன். ஆகவே எழுத்தில் ‘தொடக்கக் கரை’, ‘முடிவுக் கரை’. வாய்ப்பேச்சில் இக்கரை, அக்கரை இருந்துவிட்டுப் போகட்டும்.

புடவை அழகாகப் பொருந்துகிறது, மறுக்கவில்லை. ஆனால் உடல் என்றதும் பாடி டேக் குறுக்கே வருகிறது. தவிர, புடவையில் ஒரு கரை விட்டுப்போனால் அது வேறு மாதிரிப் புடவை, அவ்வளவுதான். ஆற்றில் விட்டுப்போனால்தான் சேதம் தெரியும். எனக்கு அந்தச் சேதம் வேண்டும்.

தேடலுக்கு ‘எச்டிஎம்எல் கரை’ என்று சேர்த்துத்தான் தேட வேண்டும். பக்கத்தில் கரையை ஒட்டி ‘டேக்’ என்பதையும் வைத்திருக்கிறேன், அதை எடுக்கப் போவதில்லை. இங்கிருந்து எம்டிஎன்னுக்குப் போகிற பிள்ளை அங்கே அந்தச் சொல்லைத்தான் பார்க்கும்.

லுங்கிப் பக்கம் முடிந்துவிட்டது. அந்தப் பெண் இப்போது அடுத்த நாற்காலிப் பையனின் திரையை எட்டிப் பார்த்து, “டேய், மூணாவது வரிக்கு அக்கரை எங்கடா?” என்கிறாள். அவனும் தேடிப் போடுகிறான்.

எலிமென்டுக்குத்தான் வழி தெரியவில்லை. ‘உறுப்பு’ என்றால் பின் வரிசை சிரிக்கிறது. ‘கூறு’ என்றால் எதைக் கூற வேண்டும் என்று கேட்கிறார்கள். யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் அனுப்புங்கள்.

குடியாத்தத்திலிருந்து