நெஞ்சு நோய் ஆஸ்பத்திரியில் 20 லட்சம் போடலாமா?

பனியன்காரன் (திருப்பூர்):
கூடப் படிச்சவன் நுரையீரல் டாக்டர். ஆஸ்துமா, டிபி, தொற்றுக்காய்ச்சல்னு தனியா 10 படுக்கையில ஆஸ்பத்திரி போடறான். என்னையும் 20 லட்சத்துக்குப் பங்கு சேரச் சொல்றான். "கோவிட்டுக்கப்புறம் ரெண்டு தும்மல் போட்டாலே ஜனம் ஓடி வருதுடா"ங்கறான். நூல் விலைன்னா எனக்குக் கணக்குத் தெரியுங்க, இது தெரியல. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

பழைய கணக்கன் (ஈரோடு):
தம்பி, இதே மாதிரி ஒரு இடத்துல 9 வருஷம் கணக்கு எழுதினவன் நான்.

முதல்ல டிபியை வருமானத்துலேர்ந்து அடிச்சுடுங்க. ஆறு மாச மருந்தை அரசாங்கம் இலவசமாத் தருது. அங்க அனுப்பறதுதான் நியாயமும்கூட. 2012லேர்ந்து தனியார் டாக்டரும் ஒவ்வொரு டிபி நோயாளியையும் அரசுக்குத் தெரிவிச்சாகணும். அரசோட டிபி பதிவுத் தளமான நிக்ஷய்ல பதிஞ்சா டாக்டருக்கு 500 ரூபாய், சிகிச்சை முடிவைப் பதிஞ்சா இன்னொரு 500. அதை நம்பிக் கரன்ட் பில்கூடக் கட்ட முடியாது.

தொற்று வரும், போகும். 2021ல எங்க முதலாளி 14 ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வாங்கினார். அடுத்த பொங்கலுக்கு எல்லாம் மாடிப்படிக்கடியில. ஒண்ணு மட்டும் நர்ஸுங்க டிபன் கேரியர் வைக்கற மேடையாச்சு.

சோறு போட்டது ஆஸ்துமாவும், பீடியிலயும் விறகடுப்புப் புகையிலயும் வந்த சி.ஓ.பி.டி.ங்கற நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பும்தான். மூணு மாசத்துக்கொருக்கா வருவாங்க, வருஷக்கணக்கா வருவாங்க. ஊதச் சொல்லி நுரையீரல் திறனை அளக்கற ஸ்பைரோமெட்ரி மெஷின் சின்னதுதான். ஆனா தினம் காலையில 3 லிட்டர் சிரிஞ்சை இழுத்துத் தள்ளி அளவு சரிபார்க்கணும். அப்புறம் "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க"ன்னு தொண்டை வத்தக் கத்தணும். எங்ககிட்ட அதுக்குன்னு இருந்த பொண்ணு கல்யாணமாகிப் போச்சு. ரெண்டு மாசம் மெஷின் சும்மா கிடந்தது. ஆளைக் கேளுங்க, அப்புறம் மெஷினைக் கேளுங்க.

செலவுப் பட்டியல்ல நோயாளியை அனுப்பற டாக்டருக்குக் கமிஷன்னு இருந்தா எழுந்து வந்துடுங்க. மருத்துவக் கவுன்சில் 2002லயே தடுத்தது அது.

ஸ்டாஃப்நர்ஸ் (மதுரை):
பிளான்ல காத்திருக்கற ஹால் ஏசியான்னு பாருங்கண்ணா. ஸ்ப்ளிட் ஏசி உள்ளே இருக்கற காத்தையேதான் சுத்தி விடும். டிபிக்காரர் இருமற காத்தை பக்கத்துல ஆஸ்துமாவுக்கு வந்த குழந்தை இழுக்கும். காத்துல பரவற நோய்க்கான தனி அறைன்னா மணிக்கு 12 தடவை காத்து மாறணும். டெஸ்டுக்குச் சளி எடுக்கறதை வெளியில, திறந்த இடத்துல வச்சுக்கணும். நாங்க மொட்டை மாடியில ஷீட் போட்டு வச்சிருக்கோம்.

பனியன்காரன்:
நன்றிங்க. பிளானைப் பிரிச்சுப் பார்த்தேன். ஹால் முழுக்கக் கண்ணாடி, நாலு ஏசி. கேட்டதுக்கு இன்டீரியர்காரன் போட்டது, ஜன்னல் வச்சுடலாம்னான். ஊதற மெஷினுக்கு ஆள் இன்னும் பார்க்கலையாம்.

கணக்கண்ணா, கமிஷன்னு எங்கயும் இல்லைங்க. ஆனா 'மார்க்கெட்டிங் 12 சதவீதம்'னு ஒரு வரி இருக்கு. யாருக்குடா இதுன்னேன். "போன்ல வேண்டாம், நேர்ல வா"ங்கறான்.