பல் இம்பிளான்ட்டின் பிடி நான்காம் வாரத்தில் குறைந்த அனுபவம் யாருக்காவது உண்டா?

ஈரோடு:

கீழ்த்தாடை வலது கடைவாய்ப்பல்லில் வேர் நெடுக விரிசல். பல்லை எடுத்து, மூன்று மாதம் கழித்து இம்பிளான்ட், அதாவது வேருக்குப் பதிலாக எலும்பில் திருகும் டைட்டானியத் திருகு, வைத்தார்கள். இன்றோடு நான்கு வாரம்.

எலும்பில் துளை போடுவதை நினைத்துத்தான் அதிகம் பயந்தேன். மரத்துப்போயிருந்ததால் வலியே தெரியவில்லை. முதலில் 2 மி.மீ. டிரில். டாக்டர் அதைக் கொஞ்சம் இறக்குவார், வெளியே எடுப்பார், மறுபடி இறக்குவார். உதவியாளர் சலைன் பாய்ச்சிக்கொண்டே இருந்தார். அப்புறம் சற்றுப் பெரிய டிரில், அதற்குமேல் இன்னும் பெரியது. ஒரேயடியாகப் பெரியதைப் போட்டால் என்ன என்று பிறகு கேட்டேன். எலும்புக்கு உயிர் இருக்கிறது, சூடு தாங்காது என்றார். 47 டிகிரி செல்சியஸ் சூடு ஒரு நிமிடம் நின்றாலே எலும்பு செத்துப்போகத் தொடங்குமாம். உடம்புச் சூடே 37. நடுவில் பத்து டிகிரிதான் இருக்கிறது என்று கேட்டதும், அவர் ஏன் அவ்வளவு நிதானமாகச் செய்தார் என்பது புரிந்தது.

என் கவலை வேறு. இம்பிளான்ட் எவ்வளவு உறுதியாக நிற்கிறது என்று ஒரு சின்னக் கருவியால் அளந்து 100க்குள் ஒரு எண் சொல்கிறார்கள். வைத்த அன்று 71. நேற்று 64. வலி இல்லை, வீக்கம் இல்லை. பிறகு எதற்கு இறங்கியது? இது இயல்புதான், அந்தப் பக்கம் மட்டும் மெல்லாதீர்கள் என்று அனுப்பிவிட்டார். எனக்குத் தூக்கம் வரவில்லை.

நாகர்கோவில்:

பயமுறுத்தச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு ஐந்தாவது வாரத்தில்தான் போனது. மேல்தாடை, இடது கடைவாய்ப்பல். நான் முதலில் போன இடத்தில் சின்ன எக்ஸ்ரே மட்டும் எடுத்தார்கள். அன்றைக்கே மேலே பல்லும் வைத்து அனுப்பினார்கள். எனக்கும் அவசரம், வீட்டில் விசேஷம் இருந்தது. ஒரு நாள் நாக்கு பட்டதும் லேசாகச் சுழன்றது. வலியே இல்லை. அதைத்தான் என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

ஆறு மாதம் விட்டு வேறொரு டாக்டரிடம் போனேன். முதல் வேலையாக, தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் எடுத்தார். மேல்தாடைக்கு மேலே இருக்கும் காற்றறையான சைனஸ் வரைக்கும் 6 மி.மீ. உயரம்தான் எலும்பு இருந்தது, அதுவும் மிருதுவானது. அவர் எலும்பைச் சீவி எடுக்கவில்லை. அதற்கென்றே செய்த டிரில்லை எதிர்த்திசையில் சுழலவிட்டு, துளையின் சுவரோடு எலும்பை நெருக்கி அழுத்தினார். சைனஸ் சவ்வை மெல்ல மேலே தூக்கி, அடியில் எலும்புத் தூள் வைத்தார். சிகரெட்டை விட்டால்தான் செய்வேன் என்றார், விட்டேன். ஆறு மாதம் பல்லே வைக்கவில்லை. இப்போது இரண்டு வருடமாக நன்றாக இருக்கிறது.

சேலம், பல் மருத்துவர்:

ஈரோட்டு அம்மாவுக்கு: உங்கள் டாக்டர் சொன்னது சரி. முதல் நாள் பிடி என்பது திருகின் மரை பழைய எலும்பில் இறுகி நிற்பது மட்டும்தான். மரை அழுத்திய எலும்பை உடம்பு கரைத்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் புதிதாக வளர்க்கும். பழையது தளர்ந்து புதியது இன்னும் முற்றாத சமயம்தான் மூன்றாவது, நான்காவது வாரம். இறங்கின எண் பெரும்பாலும் ஏறிவிடும். இறங்கிக்கொண்டே போனாலோ ஆட்டம் இருந்தாலோதான் கவலை.

டைட்டானியத்தோடு எலும்பு ஒன்றிவிடும் என்பதையே ஸ்வீடன் ஆய்வாளர் பிரோனமார்க் எதிர்பாராமல்தான் கண்டார். 1952இல் முயல் காலெலும்பில் வைத்த டைட்டானியக் கருவி எலும்போடு சேர்ந்துவிட்டது, எடுக்க வரவில்லை. 1965இல் யோஸ்டா லார்சன் என்பவருக்குக் கீழ்த்தாடையில் டைட்டானிய இம்பிளான்ட்களை வைத்தார். 2006இல் லார்சன் இறக்கும்வரை, நாற்பது வருடம், அவை வேலை செய்தன. அன்றைய முறையில் கீழ்த்தாடைக்கு மூன்று நான்கு மாதம், மேல்தாடைக்கு ஆறு மாதம் காத்திருப்பார்கள். இன்று சிலருக்கு அதே நாளில் பல் வைக்க முடிகிறது, மறுக்கவில்லை. ஆனால் எலும்பின் தரத்தைப் பார்த்துத்தான் அதை முடிவு செய்ய வேண்டும், விசேஷத் தேதியைப் பார்த்து அல்ல. நாகர்கோவில்காரருக்கு நடந்ததைப் படிக்க வருத்தமாக இருக்கிறது.

இன்னொன்று. சூடு டிரில் சுழலும் வேகத்தால் மட்டும் வருவதில்லை. மழுங்கிய டிரில்லை அழுத்திப் பிடித்தாலும் வரும். கீழ்த்தாடை முன்பகுதி போன்ற கெட்டி எலும்பில் இந்த ஆபத்து அதிகம். அங்கே அளவுக்கு மீறி இறுக்குவதும் கெடுதல்தான்.

ஈரோடு:

எல்லோருக்கும் நன்றி. மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன். எட்டாம் வாரம் 69, நேற்று 76. மேலே வைக்கும் பல்லுக்கு அளவு எடுத்துவிட்டார்கள், அடுத்த வாரம் கேப். அந்தப் பக்கம் இன்னும் இட்லிகூட வைத்து மெல்லவில்லை.