பள்ளிப் பாதுகாப்புக்கான பாண்டு வாக்கெடுப்பு: டெக்சாஸில் புதிதாகக் குடியேறியுள்ள நம் மாவட்டக் குடும்பங்களுக்கு

பாலக்கோட்டிலிருந்து டெக்சாஸ் சென்றிருக்கும் தம்பி ஒருவர், பிள்ளை படிக்கும் பள்ளி மாவட்டத்திலிருந்து (அப்பகுதிப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பு) பாதுகாப்புப் பணிகளுக்கான பாண்டு, அதாவது கடன் பத்திர, வாக்கெடுப்பு அறிவிப்பு வந்திருப்பதாகவும், எச்-1பி என்னும் வேலை விசாவில் இருக்கும் தமக்கு அதில் ஏதேனும் பங்கு உண்டா என்றும் கேட்டிருக்கிறார். அங்கே பல ஆண்டுகள் குடும்பத்தோடு இருந்துவிட்டு இப்போது கிருஷ்ணகிரிக்குத் திரும்பியிருக்கும் நான், தருமபுரி, ஓசூர், ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து செல்லும் அனைவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் ஓட்டு. டெக்சாஸில் எந்தத் தேர்தலிலும் அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர்கள் மட்டுமே வாக்களிக்க முடியும். நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் கிரீன் கார்டு இருந்தாலும் ஓட்டுரிமை கிடையாது. ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போதே, வாக்காளராகப் பதிவு செய்துகொள்ள விருப்பமா என்ற கேள்வி வரும். படிவத்தை வேகமாக நிரப்பும் பழக்கத்தில் 'ஆம்' என்று குறித்துவிடாதீர்கள். தெரியாமல் பதிவு செய்து ஓட்டும் போட்டுவிட்டால், பின்னாளில் குடியுரிமை மறுக்கப்படுவதிலிருந்து நாடு கடத்தப்படுவது வரை அது கொண்டுபோய் விடலாம்.

ஓட்டு இல்லை என்பதற்காக அந்த அறிவிப்பைக் குப்பையில் போட்டுவிட வேண்டாம் என்பதே நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது. நம் ஊரில் பள்ளிக்குச் சுற்றுச்சுவர் வேண்டுமென்றால், பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, கிராம சபையில் மனுக் கொடுத்து, சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதிக்காகவோ ஆட்சியரின் ஒப்புதலுக்காகவோ காத்திருப்போம். அங்கே பள்ளி மாவட்டம் தானே கடன் பத்திரம் வெளியிட்டுப் பணம் திரட்டி, அதைப் பல ஆண்டுகளில் சொத்து வரியிலிருந்து அடைக்கிறது. அதற்கு உள்ளூர் மக்களின் ஒப்புதலைப் பெரும்பாலும் மே அல்லது நவம்பர் தேர்தலில் கேட்கிறார்கள். வீடு வாங்கியவர்கள் நேரடியாகவும், வாடகைக்கு இருப்பவர்கள் வாடகை வழியாகவும் அந்த வரியைச் சுமக்கிறார்கள்.

வாக்குச் சீட்டில் 'இது சொத்து வரி உயர்வு' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். வரி விகிதம் உயராத நிலையிலும் அந்த வாசகம் இருந்தே ஆக வேண்டும் என்பது 2019-ஆம் ஆண்டுச் சட்டம். ஆகவே கணக்கைத்தான் பார்க்க வேண்டும். 4,00,000 டாலர் மதிப்புள்ள சொந்த வீட்டில் குடியிருப்பவருக்குப் பள்ளி வரியில் 1,40,000 டாலர் கழிவு உண்டு. மீதி 2,60,000 டாலருக்கு, 100 டாலருக்கு 2 சென்ட் உயர்ந்தால், ஆண்டுக்கு 52 டாலர் கூடும்.

அடுத்து, பணம் எதற்குப் போகிறது என்று பாருங்கள். 2022 மே 24 அன்று டெக்சாஸின் யுவால்டி நகரத் தொடக்கப் பள்ளியில் நுழைந்த ஒருவன் சுட்டதில் 19 பிள்ளைகளும் 2 ஆசிரியர்களும் கொல்லப்பட்டார்கள். ஆசிரியை இழுத்துச் சாத்திய வெளிக்கதவு பூட்டிக்கொள்ளவில்லை; வகுப்பறைக் கதவு ஒன்றின் பூட்டு சரியில்லை என்பதும் முன்பே தெரிந்திருந்தது. எனவே திட்டத்தில் கேமராக்களின் எண்ணிக்கையை விட, உள்ளிருந்தே பூட்டக்கூடிய வகுப்பறைக் கதவுகள் எத்தனை, அவற்றை ஆண்டுதோறும் சோதித்துப் பழுது பார்ப்பவர் யார் என்பதையே நான் முதலில் தேடுவேன். ஒவ்வொரு வளாகத்திலும் ஆயுதம் தாங்கிய காவலர் வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அவருடைய சம்பளத்தைப் பாண்டுப் பணத்திலிருந்து கொடுக்க முடியாது, ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில்தான் ஒதுக்க வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பல பள்ளிகளில் இரட்டைக் கதவு நுழைவாயில் அமைக்கிறார்கள். மணியடித்துவிட்டு, முதல் கதவுக்கும் இரண்டாம் கதவுக்கும் நடுவில் நின்று, அடையாள அட்டையைச் சிறு சன்னல் வழியாகக் கொடுத்தால், சரிபார்த்து, பெயரும் படமும் அச்சிட்ட ஒட்டுச்சீட்டை நீட்டுவார்கள். பர்கூரிலிருந்தோ அரூரிலிருந்தோ வந்திருக்கும் தாத்தா பாட்டி பேரப்பிள்ளையை அழைத்துவரப் போனால், அவர்கள் பெயர் பள்ளிப் பட்டியலில் இருக்க வேண்டும். கடவுச்சீட்டையும் கையில் கொடுத்தனுப்புங்கள். பெயர் இல்லாமல் திருப்பி அனுப்பினால் அதை அவமரியாதையாக எண்ண வேண்டாம் என்று பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

பள்ளி மாவட்டத்தை நிர்வகிக்கும் பள்ளி வாரியத்தின் கூட்டத்தில் பேச ஓட்டுரிமை தேவையில்லை. கூட்டம் தொடங்குமுன் பெயர் பதிவு செய்துகொண்டால், முடிவெடுப்பதற்கு முன் சில நிமிடங்கள் பேசவிடுவார்கள். ஆங்கிலம் தடுமாறுமே என்று தயங்காமல் எழுதி எடுத்துச் சென்று வாசியுங்கள். குடியுரிமை பெற்ற அண்டை வீட்டாரிடமும் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். தம்பி, உங்கள் பள்ளி மாவட்டத் திட்டத்தில் கதவுகளுக்கும் பூட்டுகளுக்கும் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பார்த்து இங்கே எழுதினால், கூட்டத்தில் கேட்க வேண்டியவற்றைச் சேர்ந்து எழுதிவிடலாம்.