கள ஆய்வில் சந்தித்த யாரோ ஒருவர் இன்னும் மனசைக் குடைகிறாரா?

கெடிலக்கரை

ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பண்ருட்டியில் டீயைக் குடித்துவிட்டு வேனில் ஏறுகிற கூட்டத்தில் நானும் ஒருவன். பழைய கல்வெட்டு, சிலை, பானை ஓடு தேடிப் போகிற எங்கள் சங்கத்தில் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. என்ன கிடைத்தது என்பது ஆண்டு மலரில் வந்துவிடும். யாரைப் பார்த்தோம் என்பது வருவதில்லை. அதை இங்கே எழுதுவோம். முதலில் என்னுடையது.

ஏரிக்கரை, வேப்பமரம், அடியில் பாதி புதைந்த பலகைக்கல். மஞ்சள் புடவை சுற்றியிருந்தது. விளக்கேற்ற வந்த அம்மா எங்களுக்காகப் புடவையை விலக்கிக் காட்டினார். சரிந்த வயிறு, காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்த கோலம், ஒரு பக்கம் மாட்டுமுகத்தோடு மகன் மாந்தன், இன்னொரு பக்கம் மகள் மாந்தி, மேலே காக்கைக்கொடி. இங்கே இருப்பவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். ஊருக்கு அவள் செல்லியம்மன். ஆடி மாசம் கூழ் ஊற்றுவார்கள்.

"எங்கம்மா யாருன்னு சொல்லிட்டுப் போங்க சாமி" என்றார். நான் வகுப்பே எடுத்தேன். தவ்வை, சேட்டை, மூத்ததேவி. பல்லவர் காலத்திலும் சோழர் தொடக்கத்திலும் கோயிலுக்குள்ளேயே இடம் பெற்றவள். திருமகளுக்கு அக்கா. பின்னால்தான் அந்தப் பேர் வசவாகத் தேய்ந்தது. எல்லாம் சொன்னேன். அவர் காதில் விழுந்தது ஒரே சொல்.

"மூதேவியா?"

புதன்கிழமை பேப்பரில் படத்தோடு செய்தி. ஒரு அளவு விட்டுப்போனதால் அடுத்த ஆடி கழிந்து மறுபடி போனேன். புடவை இல்லை. கல்லில் பழைய எண்ணெய்மேல் தூசி அப்பியிருந்தது. அந்த வருஷக் கூழ், தெருக்கோடியில் புதிதாகக் கட்டிய சிமெண்ட் அம்மனுக்குப் போயிருந்தது. அந்த அம்மாவை டீக்கடை வாசலில் பார்த்தேன். கோபமே இல்லை. "கும்பிட வேணாம்னு ஊர்ல பேசி முடிச்சிட்டாங்க சாமி. நான் மட்டும் இருட்டினப்புறம் போய் ஒரு விளக்கு வெச்சிட்டு வந்துர்றேன்" என்றார், குரலைத் தாழ்த்தி, நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஏதோ தப்பு செய்த மாதிரி.

ஆத்துமேடு

2024 டிசம்பர். ஃபெஞ்சல் புயல், சாத்தனூர் அணை திறப்பு, தென்பெண்ணை போட்ட ஆட்டம், எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். வெள்ளம் வடிந்ததும் கரை அறுந்த இடத்தில் உறைகிணறு தெரிகிறது என்று போன் வந்தது. ஓடினோம். ஐந்து சுடுமண் உறைகள் ஒன்றின்மேல் ஒன்றாக, அதற்குக் கீழே இன்னும் மண்ணுக்குள் போகிறது. சுற்றிலும் கருப்பு சிவப்புப் பானை ஓடு. டேப் பிடித்தோம், அளவுகோல் வைத்துப் படம் எடுத்தோம். ஒரு பெரியவர் ஆட்டை மேயவிட்டுக் காலையிலிருந்து எங்களையே பார்த்தபடி குந்தியிருந்தார். கிளம்பும்போது கேட்டார்: "அடியில தண்ணி இருக்கா?"

சிரித்துவிட்டோம். எல்லோருமே. "ரெண்டாயிரம் வருஷத்துக் கிணறு தாத்தா" என்றார் எங்கள் ஆள் ஒருவர். பெரியவர் சிரிக்கவில்லை. போர் மோட்டார் மணலில் மூழ்கி எட்டு நாளாகிறதாம். தண்ணீர் லாரி மெயின் ரோட்டோடு நின்றுவிடுகிறதாம். வேனில் இரண்டு கேன் இருந்தது, கொடுத்தோம். ஆனால் ஊருக்குள் நுழைந்து நாலு மணி நேரமாகியும் எங்களில் ஒருத்தர்கூட "வெள்ளத்துல உங்களுக்கு இன்னா ஆச்சு" என்று கேட்டிருக்கவில்லை. உறையின் விட்டம் எத்தனை சென்டிமீட்டர் என்பது இன்றைக்கும் மனப்பாடம். அந்தப் பெரியவர் பேர் தெரியாது.

தமிழ் டீச்சர்

திருபுவனை வரதராஜப் பெருமாள் கோயில். எங்கள் பள்ளி எட்டாம் வகுப்பையும் சங்கத்தோடு கூட்டிப் போயிருந்தேன். சோழ மன்னன் முதலாம் இராஜாதிராஜன் காலத்தில், 1048இல், இங்கே நடந்த வேதக் கல்லூரியில் 260 மாணவர், 12 ஆசிரியர் என்று சொல்கிற கல்வெட்டைப் பார்க்கத்தான்.

பிள்ளைகளுக்குக் குஷி. "புள்ளியே வைக்கல மிஸ், எங்களுக்கா இருந்தா மார்க் போயிருக்கும்" என்றான் ஒருவன். இன்னொருத்தி மனக்கணக்காக 260ஐ 12ஆல் வகுத்து, "ஒரு வாத்தியாருக்கு 22 பேர்கூட வரல, எங்க கிளாஸ்ல 47" என்றாள். சங்கத்துப் பெரியவர் அருமையாக விளக்கினார். வேதம், இலக்கணம், படிக்கிறவர்களுக்கு அளந்து கொடுத்த நெல் என்று வரிசையாகச் சொல்லி வந்தார். மதிய உணவுத் திட்டம் என்று நான் ஒரு ஜோக்கடித்தேன்.

அப்போது வகுப்பில் வாயே திறக்காத பெண் ஒருத்தி பின்னாலிருந்து கேட்டாள். "அந்த 260ல பொண்ணுங்க எத்தனை பேரு சார்?" அவள் பக்கத்தில் நின்ற பையன், யார் முகத்தையும் பார்க்காமல், "எங்க தெரு ஆளுங்க?" என்றான்.

பெரியவர் வாட்ச்சைப் பார்த்தார். "நேரமாச்சு, வண்டி ஏறுங்க." நானும் ஏற்றினேன். பதில் எனக்குத் தெரியும். புதுச்சேரி வரைக்கும் முக்கால் மணி நேரம் அதே வேனில் அவர்கள் இரண்டு பேருக்கும் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பெண் இப்போது பதினொன்றாம் வகுப்பு. வழியில் பார்த்தால் வணக்கம் மிஸ் என்கிறாள், அவ்வளவுதான்.

பழைய உறுப்பினர்

டீச்சரம்மா, வாட்ச் பார்த்த பெரியவர் அடியேன்தான். தாராளமாகப் பேர் சொல்லியே எழுதியிருக்கலாம். இருட்டுவதற்குள் பிள்ளைகளை வீடு சேர்க்க வேண்டும் என்பது ஒரு காரணம். பதினோராம் நூற்றாண்டை இன்றைய கண்ணால் பார்க்கக் கூடாது என்பது இன்னொன்று. எண்ணாயிரத்தில் இராஜேந்திரன் காலத்துக் கல்லூரிக்கு 340 மாணவர், 14 ஆசிரியர். அங்கேயும் அதே வேதக் கல்விதான். அன்றைய ஏற்பாடு அது. நாம் கல்வெட்டைப் படிப்பவர்கள், அதற்காக மன்னிப்புக் கேட்பவர்கள் அல்ல.

கெடிலக்கரைத் தம்பிக்கும் ஒன்று. தவ்வையைத் தவ்வை என்று சொன்னதில் என்ன குற்றம்? செல்லியம்மன் என்று தலையாட்டிவிட்டு வந்திருந்தால் அது ஆய்வா? வள்ளுவரே "செய்யவள் தவ்வையைக் காட்டி விடும்" என்று எழுதியிருக்கிறார், அந்த ஊர்க்காரர்கள் படிக்கவில்லை என்றால் நாம் என்ன செய்வது.

என் அனுபவம் கேட்டால், நாற்பது வருஷத்தில் உறுத்துகிற மாதிரி எதுவும் நடக்கவில்லை.

தமிழ் டீச்சர்

சார், மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. பூஜ்யம் என்று ஒரு எண் சொல்லியிருக்கலாம்.

தோப்பான்

நான் காக்காயந்தோப்புப் பக்கம். தொல்லியலாளர் விமலா பெக்லி அம்மா குழு, எங்கள் பக்கத்துப் பழைய துறைமுகமான அரிக்கமேட்டில் தோண்டியது 1989 முதல் 1992 வரை. அப்போது எனக்குப் பத்து, பதினோரு வயசு. தோண்டுகிற இடத்துக்குக் கிட்டே விடமாட்டார்கள். ஆனால் மழை விட்ட மறுநாள் ஆற்றோரச் சரிவில் பாசிமணி தானாகவே வெளியே வந்து கிடக்கும். ஈரமண்ணில் வெயில் சாய்வாக விழும்போது தரையோடு தரையாகக் கன்னத்தை வைத்துப் பார்த்தால் மினுக்கும். கடுகு அளவு, மிளகு அளவு. பெரும்பாலும் செங்கல் சிவப்பு. இப்படி ஒரு மழைக்காலம் பூராவும் பொறுக்கி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் கால்வாசி சேர்த்தேன். அதற்கு முன்னால் அந்தப் பாட்டில் என் உண்டியல். மூடியில் காசு போட ஓட்டை வேண்டுமென்று அரிவாள்மணையில் குத்திக் கோணலாகக் கிழித்து, அம்மாவிடம் அடி வாங்கியிருந்தேன்.

சைக்கிளில் ஒரு சார் வந்தார். இருபது ரூபாய் கொடுத்தார். பாட்டிலோடு வாங்கிக்கொண்டார். அன்றைக்கு அது எனக்குப் பெரிய பணம்.

பிறகு வேலை, கல்யாணம், புதுச்சேரியிலேயே வீடு. சங்கத்தில் சேர்ந்தேன். போன வருஷம் செயற்குழுக் கூட்டம் ஒரு மூத்த உறுப்பினர் வீட்டு மாடியில். ஷோகேஸில் பொம்மைகளுக்கு நடுவே ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். மூடியில் கோணல் ஓட்டை.

புதிதாகச் சேர்ந்த இரண்டு காலேஜ் பிள்ளைகள் அது என்ன என்று கேட்டார்கள். "அரிக்கமேடு. ஒரு மழைக்காலம் பூரா நானே அலைஞ்சு பொறுக்கினது" என்றார். ஓட்டை எதற்கு என்று ஒரு பெண் கேட்டாள். "உள்ள காத்துப் போகணுமில்லையா, அதான்."

அவர் வீட்டம்மா தட்டு நிறைய வடை கொண்டுவந்து முதலில் என்னிடம்தான் நீட்டினார்கள். எடுத்துக்கொண்டேன். "நல்லா இருக்கும்மா" என்றும் சொன்னேன்.

படியெடுப்பவன்

என் கதை சின்னது. ஒரு கோயிலில் கல்வெட்டைத் தாளில் மையால் ஒற்றி மைப்படி எடுத்துக் காய வைத்திருந்தோம். காற்றில் தாள் பறந்து குளத்தில் விழுந்தது. குளித்துக்கொண்டிருந்த ஒருவர் நல்ல எண்ணத்தில் அதைப் பிழிந்து கொண்டுவந்து கொடுத்தார். அவ்வளவுதான்.

தோப்பான் அண்ணனுக்குச் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். முதலில் சட்டம். மண்ணுக்குள் புதைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால் கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் வருஷப் புதையல் சட்டம், இன்னும் இருக்கிறது. அப்புறம் 1972 தொல்பொருள் சட்டம். நூறு வருஷம் தாண்டியது பொதுவாகத் தொல்பொருள்தான், தனியார் யாரும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அரிக்கமேடு பாதுகாக்கப்பட்ட இடம் என்பதால் அங்கே குனிந்து எதையும் எடுக்கவே கூடாது, மழை வெளியே தள்ளியிருந்தாலும் சரி. இரண்டாவது, அந்தப் பாட்டிலை அவர் அருங்காட்சியகத்துக்கே கொடுத்தாலும் பாதிப் பலன்தான். 1945இல் தொல்லியலாளர் வீலர் அங்கே தோண்டியபோது இத்தாலியிலிருந்து வந்த அரெட்டைன் என்ற பானை வகையின் ஓடு எந்த மண்ணடுக்கில் இருந்தது என்று பார்த்துத்தான் கூடக் கிடந்த நம்மூர் ஓடுகளுக்குக் காலம் சொன்னார். அடுக்கை விட்டு வெளியே வந்த மணிக்கு அந்த வாய் இல்லை. அதனால் நீங்கள் நினைவிருக்கும்போதே ஒரு வரைபடம் போட்டு, எந்தச் சரிவு, ஆற்றிலிருந்து எத்தனை அடி, எந்த மாசம் என்று எழுதி வையுங்கள். மூன்றாவது, எல்லோருக்கும் பொதுவாக: பானை ஓடுகளைச் சோப்புப் போட்டுக் கழுவாதீர்கள், ஈரம் காயும் முன் பாலிதீன் பையில் கட்டாதீர்கள், பைக்குள் போடும் சீட்டில் பேனாவால் எழுதாதீர்கள், பென்சில்தான் நிற்கும். கல்வெட்டில் சுண்ணாம்பு, கோலமாவு தடவிப் படம் எடுக்கிற பழக்கத்தை இத்தோடு விடுங்கள். கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம், நார் பிரஷும் தண்ணீரும் போதும். தாளை நனைத்து ஒட்டி, பிரஷால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்கி, பிறகு மைப்பந்தால் ஒற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது. காயும்வரை ஒரு ஆள் பக்கத்திலேயே நிற்கட்டும்.

ஆத்துமேடு

காற்றடித்தபோது உங்கள் ஆள் எங்கே நின்றார் சார்?

பழைய உறுப்பினர்

தோப்பான் சொல்லும் வீடு எதுவென்று ஊகிக்க முடிகிறது. அவர் இல்லாத இடத்தில் இப்படி எழுதுவது முறையல்ல. அந்தக் காலத்தில் எல்லோரும் செய்ததுதான். 1937இல் பிரெஞ்சு அறிஞர் துப்ரேய் துரைக்குக் கல்மணிகளை விற்றதும் ஊர்ப் பிள்ளைகள்தானே? அதில் ஒன்றில் அகஸ்டஸ் சக்கரவர்த்தி முகம் இருப்பதாக அவர் சொல்லப் போய்த்தான் அரிக்கமேடு பேர் வெளியே தெரிந்தது. இருபது ரூபாய் கொடுத்து வாங்கி வைக்காமல் விட்டிருந்தால் அந்த மணியெல்லாம் இன்றைக்கு எங்கே போயிருக்கும்?

தமிழ் டீச்சர்

வாங்கியதைக் கேட்கவில்லை சார். "நானே பொறுக்கினது" என்கிறாரே, அதைச் சொல்லுங்கள்.

கெடிலக்கரை

சண்டை வேண்டாம். தோப்பான் அண்ணே, ஒன்று கேட்கலாமா? பெரும்பாலும் சிவப்பு என்றீர்கள். மற்ற நிறம் ஒன்றும் கிடைக்கவில்லையா? அங்கே நீலம், பச்சை, மஞ்சள் எல்லாம் கிடைத்திருக்கிறதே.

தோப்பான்

பச்சை ஏழெட்டு இருந்தது, அதுவும் பாட்டிலில்தான் இருக்கிறது, அன்றைக்கு வடை தின்றபடியே பார்த்தேன். நீலம் ஒன்றே ஒன்று. அதைச் சாரிடம் விற்கவில்லை. அம்மா வாங்கித் தங்கச்சி அரைஞாண் கயிற்றில் கோத்துவிட்டாள். ஆற்றில் குளிக்கும்போது கயிறு அறுந்து போயிற்று.