5க்கு 8 மாஸ்டர் பாத்ரூம்: கடைசியில கமோடா, ஷவரா?

ஈரக்கால்:
வணக்கம். பெட்ரூமோட சேர்ந்த பாத்ரூம், 5 அடிக்கு 8 அடி. கதவு 5 அடி சுவத்துல வலது ஓரமா வருது, நேர் எதிர்ச்சுவத்துல ஜன்னல். கமோடுக்கான ஓட்டை ஜன்னல் சுவத்துலேந்து ஒன்றரை அடி தள்ளி தரையில இருக்கு. அதனால பிளம்பர் கமோட் கடைசியில, ஷவர் நடுவுல, வாஷ் பேசின் கதவுகிட்டன்னு சாக்பீஸ்ல கோடு போட்டுட்டுப் போயிட்டார். இப்ப இருக்கற வீட்லயும் இதே கதைதாங்க, ஒருத்தர் குளிச்சிட்டு வந்தா அடுத்து கமோடுக்குப் போறவங்க அந்தத் தண்ணிய மிதிச்சிட்டுதான் போகணும், ராத்திரி தூக்கக் கலக்கத்துல போயிட்டு ஈரக்காலோட வந்து பெட்ஷீட்ல துடைச்சு துடைச்சு எனக்கு வெறுத்தே போச்சு. ஷவர் ஜன்னல் பக்கம் போகணும், கமோட் நடுவுக்கு வரணும். முடியுமா? டைல்ஸ் ஒட்டல, கமோடும் வாங்கல. சுவத்துல தொங்கற கமோட் வாங்கினா இடம் மிச்சமாகும்னு வீட்டுக்காரர் சொல்றார்.

சுவர்க்கோழி:
ப்ரோ, 5க்கு 8ங்கறது செங்கல் அளவா, பூசினதுக்கு அப்புறமா?

ஈரக்கால்:
ப்ரோ இல்ல, அக்கா. செங்கல் அளவுதான்.

சுவர்க்கோழி:
மன்னிச்சிருங்க அக்கா. அப்ப பூச்சு, பசை, டைல்ஸ் எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு பக்கமும் சுமாரா ஒரு இஞ்ச் தின்னுடும், 58க்கு 94 இஞ்ச்னு வெச்சிக்கோங்க. எல்லாத்தையும் இடது சுவத்துல வரிசையா போட்டா, ஜன்னல் பக்கம் ஷவருக்கு 36, கமோடுக்கு நடுக்கோட்லேந்து ரெண்டு பக்கமும் 15 வீதம் 30, மிச்சம் 28, அதுல 24 இஞ்ச் பேசின் உக்காரும். 15க்குக் கீழ போனா முழங்கை சுவத்துல இடிக்கும். கமோட் 28 நீட்டிக்கிட்டு இருந்தாலும் முன்னாடி 30 கெடைக்குது, 21 இருந்தாலே சமாளிக்கலாம், அதனால இடம் ஒரு பிரச்சினையே இல்ல. பைப்தான் பிரச்சினை.

ரசமட்டம்:
மேல சொன்ன கணக்கு சரி. முதல்ல உங்க வீட்டுக்காரர் சொன்னதுக்கு வரேன். தொங்கற கமோட் வெளிய தெரியறது 21 இஞ்ச் மாதிரி இருக்கும், ஆனா அதோட டேங்கும் இரும்பு ஃபிரேமும் சுவத்துக்குள்ள போகணுமே, அதுக்கு 6லேந்து 8 இஞ்ச் ஆழத்துல ஒரு பொய்ச்சுவர் கட்டணும். ரெண்டையும் கூட்டிப் பாருங்க, அதே 28 தான். கூட்டித் துடைக்க சுலபம், பாக்க அழகு, அதுக்காக வாங்கறதுன்னா வாங்குங்க, இடத்துக்காக வேண்டாம்.

இப்ப பைப். கமோட் நடுக்கோடு ஜன்னல் சுவத்துலேந்து 51 இஞ்ச்ல வரும், இப்ப 18ல இருக்கு, 33 இஞ்ச் நகரணும். அடிக்கு கால் இஞ்ச் சரிவுன்னா முக்கால் இஞ்ச்தான் எறங்கணும், அது பெரிய விஷயமில்ல, ஆனா தரைக்குள்ள 4 இஞ்ச் பைப்பும் அதோட வளைவும் மறையற அளவுக்கு பள்ளம் இருக்கணும். எவ்ளோ பள்ளம் விட்டிருக்காங்க? அந்த இடது சுவத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?

ஈரக்கால்:
பள்ளம் ஸ்கேல் வெச்சுப் பாத்தேன், 5 இஞ்ச் கூட இல்ல. இடது சுவர் வெளிச்சுவர். கீழ எறங்கற பெரிய பைப் அந்த சுவத்துக்கு வெளியதான், ஜன்னல் பக்க மூலையில போகுது.

ரசமட்டம்:
இத முதல்லயே சொல்லக் கூடாதாம்மா! தரையையே தொட வேண்டாம். பின்னாடி சுவர் வழியா வெளிய போற கமோட் வாங்குங்க, கடையில பி-டிராப்னு கேளுங்க, ஓட்டை நடு மையம் டைல்ஸ் போட்ட தரையிலேந்து பொதுவா 180 மில்லிமீட்டர் உயரத்துல வரும். சுவத்துல ஓட்டை போட்டு, வெளிய சுமாரா நாலடி பைப்ப சரிவா கிளாம்ப் போட்டு அந்தப் பெரிய பைப்புல சேத்துடலாம். கமோட் வாங்கி கையில வெச்சிக்கிட்டு அளந்துட்டு அப்புறம் ஓட்டை போடுங்க, பூசாத தரையிலேந்து அளந்து போட்டுட்டு டைல்ஸ் வந்ததும் ஒண்ணரை இஞ்ச் இடிக்குதுன்னு நிக்கறவங்கள நெறைய பாத்திருக்கேன்.

ஈரக்கால்:
தரையில இருக்கற பழைய ஓட்டை சரியா ஷவருக்குக் கீழதானே வருது, குளிக்கற தண்ணிய அதுலயே விட்டுடலாமா?

ரசமட்டம்:
நேரா விட்டா ரூம் பூரா நாறும். அது மலக்குழாய். குளிக்கற தண்ணிக்குன்னு தனி பைப் இருந்தா அதுல குடுத்துட்டு இத நல்லா அடைச்சிருங்க. ஒரே பைப்தான்னா நடுவுல டிராப், அதாவது தண்ணி தேங்கற மாதிரி வளைஞ்ச பைப் வெச்சு, அதுல 50 மில்லிமீட்டர் தண்ணி எப்பவும் நிக்கற மாதிரி பண்ணணும், அந்தத் தண்ணிதான் நாத்தத்த தடுக்குது.

தூக்குகுண்டு:
என் வீட்ல பண்ணின தப்ப சொல்றேன், நீங்களாவது பண்ணாதீங்க. ஷவர் குழாய் திருகு நேரா ஷவருக்குக் கீழயே வெச்சிட்டேன், தினமும் கைய உள்ள நீட்டி திருகறேன், சுடுதண்ணி வர்றதுக்குள்ள பைப்புல இருக்கற பச்சத்தண்ணி மொத்தமும் என் முதுகுல. அந்தத் திருக, நுழையற பக்கம் வலது சுவத்துல வைங்க, ஷவர் தலை எங்க இருந்தாலும் பரவால்ல. கண்ணாடி இடது சுவத்துலேந்து 30 இஞ்ச் ஃபிக்ஸ்டா போதும், கதவே வேண்டாம், மிச்ச 28 வழி.

அப்புறம் பாத்ரூம் கதவு உள்பக்கமா திறக்குதா? பேசின்கிட்ட ஆள் நிக்கும்போது இடிக்கும், அத விட உள்ள யாராச்சும் மயங்கி விழுந்துட்டா தள்ளித் திறக்கவே முடியாது.

ஈரக்கால்:
ஆமா, உள்பக்கம்தான். வெளிப்பக்கம் திறந்தா அலமாரி இடிக்கும்னு நினைச்சிட்டிருந்தோம், இன்னைக்கு அளந்தா 4 இஞ்ச் மிச்சம் இருக்கு, அலமாரி கைப்பிடிய மட்டும் மாத்தினா போதும்.

பழைய கோட்ட அழிச்சிட்டு புதுசா போட்டோம். கமோட் இடத்துல ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், பேசினுக்கு அட்டைப்பெட்டி, கண்ணாடிக்கு ஒரு துப்பட்டா கட்டி, வீட்டுக்காரர் ஸ்டூல்ல உக்காந்து பாத்தார். முழங்கால் இடிக்கல. பேசின் மட்டும் 18 இஞ்ச் ஆழம் வேண்டாம், 16 வாங்கலாம்னு முடிவு பண்ணோம், தொங்கற கமோட் பேச்ச அவரே விட்டுட்டார்.

ரசமட்டம்:
நல்லது. ஓட்டை போடற இடத்துல பில்லரோ பீமோ வருதான்னு பாத்துட்டுதான் மெஷின வைக்கணும். ஷவர் பக்கம் வாட்டர்புரூஃபிங் முடிஞ்சதும் டிராப்ப அடைச்சு 48 மணி நேரம் தண்ணி கட்டி வைங்க, டைல்ஸ் அப்புறம்.

ஈரக்கால்:
பில்லர் மூலையிலதான், 51ல வெறும் செங்கல். பிளம்பர் திங்கக்கிழமை வர்றார், இந்தக் கோட்டப் பாத்து என்ன சொல்லப் போறாரோ.