முதலாமாண்டு இடைநிற்றல்: ஆலோசனை மையம் இருந்தும் யாரும் வருவதில்லை, என்ன செய்யலாம்?

கேள்வி (துறை ஒருங்கிணைப்பாளர்): முதலாமாண்டு சேர்பவர்களில் பலர் இரண்டாமாண்டுக்கு வருவதில்லை. ஆலோசனை மையம், கூடுதல் வகுப்பு எல்லாம் உண்டு. தேவைப்படுகிறவர்கள்தான் எட்டிப் பார்ப்பதில்லை. ஆள்பலம் குறைவு. எதை முதலில் செய்வது?

கயல்: மையத்தைத் திறந்து வைத்துக் காத்திருந்தால், கேட்கத் தெரிந்தவர்கள் மட்டுமே வருவார்கள். குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்த மாணவர், உதவி கேட்டால் தகுதியில்லை என்று நினைத்துவிடுவார்களோ என ஒதுங்குவார். அழைப்பு உங்களிடமிருந்து போகட்டும்.

பருவத் தேர்வு முடிவு வரும்போது காலம் கடந்திருக்கும். மூன்றாவது வாரத்துக்குள் ஒவ்வொரு பாடத்திலும் குறைந்த மதிப்பெண்ணுக்கு ஒரு சிறு தேர்வு வையுங்கள். அதை எழுதாதவர், தொடர்ந்து இரண்டு வகுப்புக்கு வராதவர், இணையதளப் பாடப்பக்கத்தைத் திறக்கவே திறக்காதவர்: இந்தப் பட்டியல் போதும். இரண்டு நாளுக்குள் அவருக்குத் தெரிந்த ஒருவர் போன் செய்ய வேண்டும். "ஏன் வரவில்லை?" என்றால் சாக்குதான் வரும். "இந்த வாரம் எது சிரமமாக இருக்கிறது?" என்று கேளுங்கள்.

மாறன்: கயல் சொல்வது சரி, ஆனால் இது கவிழும் இடம் வேறு. பட்டியலுக்கு வேண்டிய மாணவர் பெயரை ஆசிரியர் கொடுப்பார், பிறகு என்ன ஆனது என்று அவருக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். அடுத்த மாதம் அவர் கொடுப்பதையே நிறுத்திவிடுவார். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே யார் பேசினார், எந்த நாளில், என்ன முடிவு என மூன்று கட்டம் போடுங்கள். ஆசிரியருக்கு ஒரு வரி பதில் கட்டாயம்.

இன்னொன்று. மாணவர் படிப்போடும் உடன் இருப்பவர்களோடும் ஒட்டினால் தங்குவார் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் வின்சென்ட் டிண்டோ 1975-ல் சொன்னதை வைத்து மன்றம், விழா என்று இறங்குகிறார்கள். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவருக்கு அதனால் பயனில்லை. பணமும் வேலை நேரமும் வீட்டுப் பொறுப்பும்தான் அவரை இழுக்கும் என்பதை ஆய்வாளர்கள் பீனும் மெட்ஸ்னரும் 1985-லேயே விளக்கிவிட்டார்கள். அவருக்கு வகுப்புகளை அடுத்தடுத்த மணிகளில் அடுக்குவதே பெரிய உதவி.

செண்பகம்: பணத்தைக் கடைசியில் வைக்காதீர்கள். நன்றாகப் படிக்கிறவர்கூடச் சிறு பாக்கியால் அடுத்த பருவத்துக்குப் பதிவு செய்ய முடியாமல் நின்றுவிடுகிறார். பதிவு தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே கணக்குப் பிரிவிடம் அந்தப் பட்டியலை வாங்குங்கள். பாக்கியைத் தவணையாக்கிப் பதிவைத் திறந்துவிடச் சொல்லுங்கள்.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் இரண்டாண்டுப் பட்ட மாணவர்களுக்காக 2007-ல் தொடங்கிய ஏ.எஸ்.ஏ.பி. திட்டத்தில் உதவித்தொகை போக மீதிக் கட்டணம், பாடநூல், பயணச் செலவு, தனி ஆலோசகர் எல்லாம் சேர்ந்தே கிடைத்தன. மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்து ஒப்பிட்டதில், மூன்றாண்டில் பட்டம் பெற்றோர் திட்டத்துக்கு வெளியே 22 சதவீதம், திட்டத்தில் 40 சதவீதம். ஒன்றை மட்டும் எடுத்துச் செய்துவிட்டு அதே பலனை எதிர்பார்க்க முடியாது.

துறை ஒருங்கிணைப்பாளர்: ஒரு ஆலோசகருக்கு 300 பேர் என்றால்?

கயல்: எல்லோரையும் பருவத்துக்கு ஒருமுறை பார்ப்பதை விடுங்கள். பட்டியலில் வந்தவர்களை வாரம் ஒருமுறை பாருங்கள். மற்றவர்களுக்குப் பயிற்சி பெற்ற மூத்த மாணவர், ஒருவருக்குப் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். அவருக்கு ஊதியம் கொடுங்கள். இல்லையென்றால் தேர்வு நெருங்கும்போது அவரும் காணாமல் போவார்.