இத்தாலியன் சாப்பாட்டை நடுவில் வைத்துப் பகிர்வது ஒபிஸ் ஆக்களுக்குச் சரி வருமா?

வாவிக்கரை:
போன வெள்ளிக்கிழமை, எங்கள் கந்தோர் அக்கா ஒருவருக்கு இடமாற்றம் வந்ததால் பிரியாவிடைக்கென்று ஒன்பது பேர் வேன் பிடித்து மட்டக்களப்பில் இருந்து அறுகம்பே போனோம். ஒரு இத்தாலியன் கடை. ஆளுக்கொன்று வேண்டாம், பெரிய தட்டங்களில் எடுத்து நடுவில் வைத்துச் சாப்பிடுவோம் என்று எங்கள் பெரியவர் சொல்லிவிட்டார். நான் வெள்ளியில் மரக்கறி. வந்தது மாட்டிறைச்சி லசானியா, இறால் பாஸ்தா, கோழி, கொஞ்சம் சலாது, தக்காளியும் சீஸும் மட்டும் போட்ட மார்கரிட்டா பீட்சா ஒன்றே ஒன்று. பீட்சா என் பக்கம் வரும்போது இரண்டு துண்டுதான் மிச்சம். மறுகா பில்லை ஒன்பதாகப் பிரித்தார்கள். காசு போனால் போகட்டும், ஓடர் கொடுக்க முதல் ஒருவர்கூடக் கேட்கவில்லை என்பதுதான் இன்னும் நெஞ்சில் கிடக்கிறது. இப்படிப் பகிர்வது எனக்குப் பிடிக்கவில்லை.

காத்தான்குடி நானா:
தங்கச்சி, உங்களைக் கேட்காதது பெரிய பிழை, அதற்கு மறுபேச்சில்லை. ஆனால் அதற்காகப் பகிர்வதையே குற்றம் சொல்லாதீர்கள். எங்கள் கலியாண வீடுகளில் ஒரு சஹனை, அதாவது சோறும் கறியும் வைத்த பெரிய தட்டத்தைச் சுற்றி ஐந்தாறு பேர் இருப்போம். அவரவர் முன்னால் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும், நடுவில் கிடக்கும் நல்ல இறைச்சித் துண்டை மூத்தவர் பிய்த்துச் சின்னவன் பக்கம் தள்ளிவிடுவார். முன்பின் தெரியாத மனிசனோடும் அப்படி ஒருமுறை சாப்பிட்டால் பிறகு தெருவில் கண்டும் காணாத மாதிரிப் போக ஏலாது. ஆளுக்கொரு பீங்கான் வந்தால் எல்லாரும் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டு எழும்புகிறார்கள். நானும் கந்தோர்க்காரன், கண்டிருக்கிறேன்.

பொத்துவில் அலை:
நானா, சஹனில் எல்லாருக்கும் ஒரே சோறு, ஒரே கறி. அதனால்தான் அது நியாயமாக இருக்கிறது. இங்கே ஐந்து தட்டத்தில் ஐந்து சாமான், யாருக்கு எது ஆகும் என்று யாருக்கும் தெரியாது. இரண்டையும் ஒன்றாக எப்படிப் பார்ப்பது?

நான் அறுகம்பேயில் நாலு சீசன் குசினியில் நின்றவன். கடைக்கு வரும் இத்தாலிக்காரர் ஆளுக்கொரு முழுப் பீட்சா எடுத்துக் கத்தியால் வெட்டிச் சாப்பிடுவார்கள், பாஸ்தாவும் அவரவருக்குத் தனி. முதலில் வரும் சில்லறைச் சாப்பாட்டைத்தான் பகிர்வார்கள். கடையில் பெரிய தட்டம் வைத்துப் பரிமாறும் பழக்கம் அமெரிக்காவுக்குக் குடிபோன இத்தாலியரிடம் வளர்ந்தது. அப்புறம், ஒன்பது பேர் படம் எடுத்துப் பரிமாறி முடிய முதல் பாஸ்தா ஆறி ஒட்டிப் பசையாகிவிடும். லசானியா மட்டும் தாங்கும், அதைக் கொஞ்சம் ஆறவிட்டு வெட்டினால்தான் துண்டு உடையாமல் வரும்.

வாவிக்கரைக்கு இன்னொன்று. பார்மிஜானோ சீஸைக் கன்றுக்குட்டியின் வயிற்றில் இருந்து எடுக்கும் ரென்னட் போட்டுத்தான் உறைய வைக்கிறார்கள். மரக்கறிப் பாஸ்தா என்றாலும் மேலே என்ன தூவுகிறீர்கள் என்று கேளுங்கள்.

காத்தான்குடி நானா:
அந்தக் கேள்வி எங்களுக்கும் இருக்கிறது தம்பி. கார்பனாரா பாஸ்தாவில் பன்றி இறைச்சி, சில இடங்களில் திராமிசு என்ற இனிப்பில் மதுவும் சேர்ப்பார்கள். முதல்முறை நான் வெட்கப்பட்டுக்கொண்டுதான் கேட்டேன். இப்போது நான் வாய் திறக்க முதல் கந்தோரில் என் பக்கத்து மேசைத் தம்பி, அவர் இந்துப் பொடியன், வெயிட்டரிடம் விசாரித்து வைத்துவிடுவார். தனித்தனியாக எடுத்திருந்தால் என் சாப்பாட்டைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?

கல்லடி அக்கா:
பில்லைப் பற்றிப் பிறகு யாரும் பேசவில்லையே. எங்கள் கந்தோரில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒன்று, கூடப் பில் வரும் என்று பயந்து சூப்போடு நிறுத்திவிட்டது. கடைசியில் சமமாகப் பிரித்ததோடு 10 சதவீதம் சேவைக் கட்டணமும் அதன் தலையில். பகிர்வதென்றால் கூடச் சம்பளம் எடுப்பவர் கூடப் போட வேண்டும், இல்லாவிட்டால் எனக்கும் தனித்தனிதான் சரி.

வாவிக்கரை:
நானா சொன்னதை வாசித்த பிறகு ஒன்று ஞாபகம் வந்தது. இடமாற்றம் போன அக்கா தன் பீட்சாத் துண்டைத் தொடாமல் என் பீங்கானில் வைத்துவிட்டு, "எனக்குப் பசியில்லடி" என்றார். இரண்டரை மணித்தியாலம் வேனில் வந்த மனிசிக்குப் பசியில்லையாம். அதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். டிசம்பர் ஒன்றுகூடலுக்கு ஓடர் எடுப்பதை நானே பொறுப்பெடுக்கிறேன் என்று பெரியவரிடம் இன்று சொல்லிவிட்டேன்.

பொத்துவில் அலை:
நல்லது. ஆனால் பாஸ்தாவை நடுவில் வைக்காதீர்கள்.